எந்த மாத்திரை முதலில்?

தைராய்டு குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும் தைராக்ஸின் எழுதிக் கொடுப்பது தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர் கிளினிக்கிலும் நடக்கிற காரியம். பெரும்பாலோருக்கு அது நன்மைதான் செய்கிறது. சோர்வு விலகுகிறது, முகத்து உப்பல் வடிகிறது, மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. ஆனால் மிகச் சிலரை அதே மாத்திரை வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று கொண்டுபோய் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிடுகிறது. அவர்களுக்குத் தைராய்டோடு அட்ரினல் சுரப்பியும் பழுதுபட்டிருந்தது. அதை யாரும் பார்த்திருக்கவில்லை. தைராக்ஸின் உடம்பின் வேகத்தைக் கூட்டும்போது கார்ட்டிசால் என்ற அட்ரினல் ஹார்மோன் விரைவாகக் கழிந்துபோகிறது. அதன் தேவையும் கூடுகிறது. ஏற்கெனவே கையிருப்பு இல்லாத உடம்பு அந்த வேகத்தைத் தாங்காமல் சாய்ந்துவிடுகிறது. இரண்டு சுரப்பியும் பழுதென்றால் முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்ஸின் என்பது நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தின் பாலபாடம். பாலபாடம் என்பதாலேயே அது எங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது என்று சொல்ல முடியாது.

அட்ரினல், தைராய்டு, ரத்தச் சர்க்கரை ஆகிய மூன்றையும் நாம் தனித்தனி நோய்களாகவே பழகியிருக்கிறோம். மூன்றுக்கும் வேறு வேறு மருத்துவர், வேறு வேறு ஃபைல். ஆனால் இந்தச் சுரப்பிகள் ஒரே ரத்தத்தில் கலந்து ஒன்றன் வேலையை மற்றொன்று ஏற்றியும் இறக்கியும் நடத்துகின்றன. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து அடுத்ததன் கணக்கை மாற்றிவிடுகிறது. அந்த மாற்றத்தை எழுதிவைக்க எந்த ஃபைலிலும் பக்கம் இல்லை. இந்நோய்களோடு வாழ்கிறவர்கள் படும் பாட்டில் ஒரு பெரும்பங்கு இந்தப் பிரிவினையால் வருவது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே ரத்தத்தில் மூன்று

அட்ரினல் சுரப்பிகள் இரண்டு. ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் ஒன்று, நாலைந்து கிராம் எடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலுறையில் கார்ட்டிசாலும், உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டீரோனும் சுரக்கின்றன, உள்ளே அட்ரினலின். கார்ட்டிசால் விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, காலை எட்டு மணி வாக்கில் நிறைந்து, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். இரவெல்லாம் எதுவும் சாப்பிடாமல் கிடந்தும் காலையில் நம் சர்க்கரை இறங்கிப் போகாமல் இருப்பதில் அதற்குப் பெரிய பங்கு. கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்கச் சொல்வது கார்ட்டிசால். அந்தச் சர்க்கரையைத் திசுக்களுக்குள் அனுப்புவது கணையத்தின் இன்சுலின். இரண்டும் எவ்வளவு நேரம் ரத்தத்தில் தங்கும் என்பதில் தைராய்டுக்கும் கை உண்டு.

இந்தப் பிணைப்பால் ஒரு நோயின் முதல் அடையாளம் வேறொரு நோயின் கணக்கில் வந்து நிற்கும். முதல் வகைச் சர்க்கரை நோயில் ஆண்டுக்கணக்காக ஒரே அளவு இன்சுலின் போட்டுவந்த பெண்ணுக்குத் திடீரென அடிக்கடி ‘லோ சுகர்’ வருகிறது. இன்சுலினைக் குறைக்கிறார்கள், மறுபடியும் லோ. சர்க்கரை நோய் தணிந்துவிட்டதாகக் குடும்பம் மகிழ்ச்சிகூட அடையலாம். உண்மையில் அவருடைய அட்ரினல் சுரப்பி அழிந்துகொண்டிருக்கக்கூடும். தைராய்டு குறைந்தாலும் இன்சுலின் உடம்பை விட்டுக் கழிவது மெதுவாகி இதே போலச் சர்க்கரை இறங்கும். தைராய்டு மிகுந்தால் சர்க்கரை ஏறும். சர்க்கரை அளக்கும் கருவியில் தெரிகிற எண் ஒன்றுதான். அதற்குப் பின்னால் எந்தச் சுரப்பி இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது.

இவை ஒரே ஆளுக்கு ஒன்றாக வருவது தற்செயலும் அன்று. 1855-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன், அட்ரினல் அழிந்து இறந்த பதினொரு நோயாளிகளை விவரித்து ஒரு நூல் எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. 1926-ல் ஜெர்மன் நோய்க்கூற்றியலாளர் மார்ட்டின் பென்னோ ஷ்மிட், அட்ரினலும் தைராய்டும் சேர்ந்தே சிதைந்திருந்த இருவரைப் பற்றி எழுதினார். 1964-ல் கார்ப்பென்டரும் உடன் பணியாற்றியவர்களும் அப்படிப்பட்ட பதினைந்து பேரை ஆராய்ந்தபோது அவர்களில் பத்துப் பேருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. உடம்பைக் காக்க வேண்டிய தடுப்பாற்றல் தன் சுரப்பிகளையே ஒவ்வொன்றாகத் தாக்குகிறது என்பது அதற்குப் பிறகு தெளிவானது. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ளவர்களில் நூற்றுக்குப் பதினேழு முதல் முப்பது பேர் வரை தன் தடுப்பாற்றல் சார்ந்த தைராய்டு நோய்க்கும் ஆளாகிறார்கள். அவர்களில் அடிசன் நோய் வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. குறைவு என்றாலும், வந்து தெரியாமல் போனால் உயிரை எடுப்பது அதுதான்.

உலகம் அறிந்த நோயாளி ஒருவர் இதற்கு உண்டு. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு 1947-ல் லண்டனில் அடிசன் நோய் என்று சொன்னார்கள். பின்னாளில் தைராய்டு குறைவும் சேர்ந்தது. அவருடைய சகோதரி யூனிஸுக்கும் அடிசன் நோய் இருந்தது. 1954-ல் கென்னடியின் முதுகில் அறுவை செய்தபோது, கார்ட்டிசால் சுரக்காத உடம்பை அறுவையின் அதிர்ச்சியிலிருந்து எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை மறு ஆண்டு ஒரு மருத்துவ இதழ் ‘37 வயது ஆண்’ என்று மட்டும் குறிப்பிட்டு வெளியிட்டது. 2009-ல் கடற்படை மருத்துவர் லீ மாண்டல் பழைய ஆவணங்களைப் படித்து, இது ஷ்மிட் சொன்ன கூட்டு நோயாகவே இருக்க வேண்டும் என்று எழுதினார். கார்ட்டிசாலின் வேலையைச் செய்யும் கார்ட்டிசோன் முதன்முதலில் ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1948-ல், மேயோ கிளினிக்கில். அதைச் சாத்தியமாக்கிய கெண்டால், ஹென்ச், ரைக்ஸ்டீன் மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்து பத்தாண்டு தாமதித்திருந்தால் கென்னடி அதிபர் ஆகியிருக்க வாய்ப்பே இல்லை.

நம் மண்ணின் காரணங்கள்

ஐரோப்பாவில் அடிசன் நோய் பத்து லட்சம் பேரில் நூறு முதல் நூற்று நாற்பது பேருக்கு இருக்கிறது. பெரும்பாலும் தடுப்பாற்றல் கோளாறால். நம் நாட்டில் அதனோடு காசநோயும் பெரிய காரணம். நுரையீரலில் தொடங்கிய கிருமி அட்ரினலில் போய்க் குடியேறி, ஆண்டுகள் கழித்து அதை அழிக்கும். இதில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலில் கார்ட்டிசால் சிதைவதை விரைவாக்கும். அரைகுறையாக வேலை செய்துகொண்டிருந்த அட்ரினல் அந்த மருந்து தொடங்கியதும் தோற்றுப்போகலாம். டிபி மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து எழுந்து நிற்கவே முடியவில்லை, ஓயாத வாந்தி என்று சொல்பவரிடம் ‘மாத்திரை சூடு, போகப் போகச் சரியாகும்’ என்று சொல்லி அனுப்புவதற்கு முன் ஒருமுறை ரத்த அழுத்தத்தை நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும்.

வயல்வெளியிலிருந்து வரும் காரணமும் ஒன்று இருக்கிறது. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ரத்தக் கசிவாலோ ரத்த உறைவாலோ செத்துவிடுகிறது. பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தைராய்டுக்கும் அட்ரினலுக்கும் கட்டளை தருவது பிட்யூட்டரிதான் என்பதால் இரண்டும் சேர்ந்து அடங்கிவிடும். பாம்புக்கடியிலிருந்து தப்பிய விவசாயி சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ வேலை செய்யச் சக்தியில்லாமல், மீசை தாடி உதிர்ந்து, தாம்பத்தியத்தில் நாட்டமிழந்து, அடிக்கடி மயங்கி விழுகிறவராக ஆவார். விஷம் இன்னும் உடம்பில் தங்கியிருக்கிறது என்று ஊர் சொல்லும். பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தப் போக்கு ஏற்பட்ட பெண்களுக்கும் இதே கதி நேர்வதுண்டு. குழந்தைக்குப் பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, சோர்வும் குளிரும் மட்டும் கூடிக்கொண்டே போகும். இவர்களுக்குத் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற பிட்யூட்டரி ஹார்மோனை மட்டும் பார்த்தால் ‘நார்மல்’ என்றே வரக்கூடும், ஏனென்றால் அந்த ஹார்மோனைச் சுரக்க வேண்டிய சுரப்பியே கெட்டுக் கிடக்கிறது. தைராக்ஸின் அளவையும் காலை எட்டு மணி கார்ட்டிசாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும்.

இவை எல்லாவற்றையும்விட எண்ணிக்கையில் மிகுதியானது நாமாகவே வரவழைத்துக்கொள்ளும் அட்ரினல் குறைவு. மூட்டுவலி, ஆஸ்துமா, தோல் நோய் என்று மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டால், வெளியிலிருந்து வருகிறதே என்று உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும். பிறகு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டு என்றால் குறைந்தபட்சம் ஒரு சீட்டாவது இருக்கும். மூட்டுவலிக்கு ஒரே வாரத்தில் குணம் தரும் பெயரில்லாப் பொடி, உடம்பு தேறுவதற்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சின்ன மாத்திரை, முகம் வெளுக்கத் தடவும் களிம்பு ஆகியவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சாப்பிடுகிறவருக்கே அது தெரியாது. முகம் வட்டமாக உப்பி, வயிற்றில் சிவந்த வரிகள் விழுந்து, சர்க்கரையும் ஏறியிருக்கும் ஒருவர், ‘நான் எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை’ என்று மனதாரச் சொல்வார். பொடியை அவர் மருந்தாக நினைக்கவில்லை. நோயாளியிடம் ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்பதோடு ‘வலிக்கு, உடம்பு தேற, முகத்துக்கு வேறு எதுவும் போடுகிறீர்களா?’ என்றும் கேட்கும் மருத்துவர் பல உயிர்களைக் காப்பாற்றுகிறார்.

இல்லாத நோயும் இருக்கிற நோயும்

இப்படி உண்மையான அட்ரினல் நோய் கவனிப்பாரின்றிக் கிடக்க, ‘அட்ரினல் ஃபட்டீக்’ என்ற பெயர் மட்டும் ஊரெங்கும் பரவியிருக்கிறது. மன அழுத்தம் நிறைந்த வாழ்க்கையால் அட்ரினல் களைத்துப்போய்விட்டது. அதனால்தான் காலையில் எழ முடியவில்லை, மாலையில் இனிப்புக்கு மனம் அலைகிறது என்பது அதன் வாதம். 1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்பவர் இந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டார். 2016-ல் பிரேசிலின் கடெஜியானி, காட்டர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படி ஒரு நோய் இருப்பதற்குச் சான்று இல்லை என்று முடிவு கூறினார்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் எந்தப் பெரிய சங்கமும் இதை நோயாக ஏற்கவில்லை.

ஆனாலும் அந்தப் பெயரை நாடிப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய சோர்வு பொய்யன்று. ‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு, ஒரு பெயர் சொல்லி அவர்கள் பேச்சைக் கேட்கிற இடம் ஆறுதலாக இருக்கும். ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. 2018-ல் அமெரிக்காவில் ‘அட்ரினலுக்கு வலுவூட்டும்’ என்று விற்கப்பட்ட பன்னிரண்டு துணை மருந்துகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பெரும்பாலானவற்றில் ஏதாவதொரு ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. லேபிளில் அதற்கு ஒரு வரி இல்லை. நம் ஊரில் இதே இடத்தை அமுக்கரா பிடித்திருக்கிறது. சித்த மருத்துவத்தில் மதிப்புள்ள மூலிகைதான். அதுவே தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டியதாகச் சிறிய ஆய்வு ஒன்று சொல்கிறது. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. தைராக்ஸின் சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்துக்கொண்டால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

சோர்வுக்கு இங்கே மிகச் சாதாரணமான காரணம் கண்முன்னே இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு பார், கார்ட்டிசால் பார் என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தையும் பார்ப்பதில் தவறில்லை.

அடிசன் நோயின் அடையாளங்கள் பொதுவான சோர்விலிருந்து வேறுபட்டவை. எடை இறங்கிக்கொண்டே போகும். எழுந்து நின்றால் கண் இருளும். உப்புக்கு நாக்கு ஏங்கும்; ஊறுகாயை வெறுமனே எடுத்துச் சாப்பிடத் தோன்றும். தோல் கறுக்கும். வெயிலில் அலைந்த கறுப்பு என்று நம் ஊரில் அதை எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். வெயில் படாத இடத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: உள்ளங்கை ரேகைகள், ஈறு, நாக்கு, பழைய தழும்பு எல்லாம் கறுத்திருக்கும். கழுத்தின் பின்புறம் வெல்வெட்டுப் போலத் தடித்துக் கறுப்பது வேறு. செயின் கறை என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற அந்தக் கறுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி, பெரும்பாலும் சர்க்கரை நோய்க்கு முன்னோடி. முதியவர்களை ‘உப்புச் சத்து குறைஞ்சிடுச்சு’ என்று ஆஸ்பத்திரியில் சேர்ப்பது இப்போது அடிக்கடி நடக்கிறது. அதற்குப் பல நேரம் ரத்த அழுத்த மாத்திரை காரணம். ஆனால் தைராய்டும் கார்ட்டிசாலும் பார்க்காமல் உப்பு மட்டும் ஏற்றி அனுப்பினால், அதே ஆள் அடுத்த மாதம் மறுபடி வருவார்.

எண்களை நம்புவதற்கு முன்

2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பதின்மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். சென்னையும் சேர்ந்த எட்டு நகரங்களில் 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று, பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருப்பதைக் காட்டியது. இரண்டும் சேர்ந்து ஒரே வீட்டில், ஒரே ஆளிடம் இருப்பது இன்று வியப்பில்லை.

இவ்வளவு பேருக்குப் பரிசோதனை செய்யும்போது பிழைகளும் பெருகும். டி.எஸ்.எச். அளவு சற்றே கூடியிருப்பதாலேயே எல்லோருக்கும் மாத்திரை தேவையில்லை. வயது ஏற ஏற அந்த அளவும் இயல்பாக ஏறும். 65 வயதைக் கடந்த 737 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இலேசான தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் சாப்பிட்டவர்களின் சோர்வு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறையவில்லை. கருவுற்ற பெண்கள் இதற்கு நேர்மாறு. அவர்களுக்குச் சற்றுத் தாமதமும் கூடாது. ஏற்கெனவே தைராக்ஸின் சாப்பிடுகிறவர் கருவுற்றால் தேவை கால்பங்குக்கு மேல் கூடுவதால், தள்ளிப்போனது தெரிந்ததுமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடிசன் நோயே டி.எஸ்.எச்.ஸைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். ஸ்டீராய்டு தொடங்கினால் அது தானாகவே இறங்கிவிடுவதுண்டு. முதல் பத்தியில் சொன்ன விபத்துக்கு இதுவும் ஒரு வாசல்.

முடி கொட்டுகிறது என்று வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, பல ஆய்வகங்களின் சோதனை முறையைக் குழப்பி, தைராய்டு மிகுந்திருப்பதாகப் பொய்யான எண்ணைத் தரும். தைராய்டு குறைவால் முடி கொட்ட, அதற்கு பயோட்டின் சாப்பிட, அது தைராய்டு சோதனையையே கெடுக்க, அளவு மிகுந்துவிட்டதென்று மாத்திரையைக் குறைக்க, முடி மேலும் கொட்டும் என்று ஒரு சுழலில் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தினால் போதும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் இப்படித்தான்: இரும்புச் சத்து குறைந்த ரத்தசோகையிலும் தைராய்டு குறைவிலும் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். தைராய்டைச் சரிசெய்தாலே சராசரி சற்று இறங்குவதைப் பார்க்கலாம். உணவில் எதுவும் மாறியிருக்காது.

ஸ்டீராய்டும் சர்க்கரையும் மோதும் இடத்தை நாம் 2021-ல் கொடுமையாகக் கண்டோம். கொரோனா இரண்டாம் அலையில் உயிர்காத்த டெக்ஸாமெத்தசோன், அளவும் நாளும் மீறிக் கொடுக்கப்பட்ட இடங்களில் சர்க்கரையை எகிறவைத்து, கறுப்புப் பூஞ்சை நோய்க்கு வழிவிட்டது. ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவருக்கு நாளொன்றுக்கு 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள் என்பதுதான் பலன் தந்த அளவு. காலையில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காகவே இருக்கும். மதியத்துக்குப் பிறகும் மாலையிலும்தான் ஏறும். காலை மட்டும் சோதித்துப் பார்த்து நிம்மதியடைவதில் பயனில்லை. மாலை நான்கு மணிக்கு ஒரு சொட்டு ரத்தம் அதைவிட அதிகம் சொல்லும்.

ஒரு நாள் எப்படி நகர்கிறது

மூன்றும் உள்ளவருக்குக் காலை என்பது ஒரு கணக்கு. எழுந்ததும் படுக்கையிலேயே கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன். நாளின் மொத்தமான 15 முதல் 25 மி.கி.யில் பெரும்பங்கு இந்த வேளைக்கு. மீதி மதியமும் பிற்பகலும். இரவில் சாப்பிட்டால் தூக்கம் கெடும், சர்க்கரையும் ஏறும். தைராக்ஸின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு; அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி. சரியாக அந்த ஒரு மணி நேரத்தில்தான் தமிழ் வீட்டில் ஃபில்டர் காபி மணம் எழும். பால் சேர்த்த காபி மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கால்சியம், இரும்பு மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். பிறகு இன்சுலின், அதற்கேற்ற காலை உணவு. காலைக் காபி இல்லாமல் முடியவே முடியாது என்பவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துத் தைராக்ஸினைச் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தினமும் ஒரே முறையில் சாப்பிடுவதுதான் முக்கியம். அளவு மாற்றினால் மறு சோதனை ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே. அதற்கு முன் பார்ப்பது பணவிரயம்.

சமையலறையில்தான் எனக்கு மிகவும் கவலை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று வீட்டில் உப்பைக் குறைத்துவிடுகிறோம், நல்ல காரியம். அதே வீட்டில் அடிசன் நோயுள்ள மகள் இருந்தால் அவளுக்கு உப்பு மருந்து போன்றது. ஆல்டோஸ்டீரோன் இல்லாததால் அவள் உடம்பு உப்பைத் தக்கவைக்காது. ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை அந்த வேலையைச் செய்தாலும், அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது கூடுதல் உப்பு வேண்டும். உப்புப் போட்ட மோர் நல்லது. இளநீர் எல்லோருக்கும் நல்லதென்ற நம்பிக்கை இங்கே உதவாது. அதில் பொட்டாசியம் மிகுதி, அடிசன் நோயில் ஏற்கெனவே ஏறியிருக்கக் கூடியதும் அதுவே. கேழ்வரகு சர்க்கரைக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் தீங்கில்லை என்பதும் அரை உண்மை. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென ஏறும். முட்டைக்கோஸ் தைராய்டைக் கெடுக்கும் என்ற பயம், சமைத்து அளவாகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தேவையில்லாதது. விரதத்தைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: அட்ரினல் குறைவும் இன்சுலினும் சேர்ந்திருப்பவர் நோன்போ விரதமோ இருக்க விரும்பினால், மருத்துவரோடு முன்கூட்டியே பேசாமல் தொடங்கக் கூடாது.

உண்மையான சோதனை காய்ச்சல் வரும் நாளில். ஆரோக்கியமான அட்ரினல் காய்ச்சலில் தானாகவே பலமடங்கு சுரக்கும். இவர்கள் கையால் ஏற்ற வேண்டும்: ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு அல்லது மூன்று மடங்காக்கி, காய்ச்சல் விட்டதும் பழைய அளவுக்கு இறக்க வேண்டும். அதனால் சர்க்கரை ஏறும் என்று பயந்து ஸ்டீராய்டைக் கூட்டாமல் விடுவது மிகப் பெரிய தவறு. சர்க்கரைக்கு இன்சுலின் இருக்கிறது, கார்ட்டிசாலுக்கு மாற்று இல்லை. சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை முழுதாக நிறுத்துவதும் முதல் வகைச் சர்க்கரையில் கூடாது. தைராக்ஸின் மட்டும் அதே அளவு. மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியாகிவிட்டால் காத்திருக்கவே கூடாது, 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் உடனே வேண்டும். ஆண்டுக்கு நூறு அட்ரினல் நோயாளிகளில் ஆறு முதல் எட்டுப் பேருக்கு இந்த நெருக்கடி வருகிறது. அதைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் சாதாரண வயிற்றுப்போக்கோ காய்ச்சலோதான்.

அந்த ஊசி விலை குறைந்தது. ஏறக்குறைய எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது, ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் தினமும் போடுகிறார்கள். குறை ஊசியில் இல்லை. மயங்கிய நிலையில் வந்தவருக்கு அட்ரினல் நோய் இருப்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. உடன் வந்தவர்களுக்குச் சொல்லத் தெரியாது. சர்க்கரை நோய்க்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் எம். விசுவநாதன் 1948-லேயே தனிக் கிளினிக் தொடங்கினார். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இத்தனை நீண்ட உழைப்பின் பலனாகத்தான் ‘லோ சுகர்’ என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வருகிறார். அட்ரினலுக்கு அப்படிப்பட்ட பொது அறிவு இன்னும் உருவாகவில்லை. ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரைகள் எல்லா ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைப்பதில்லை; நகரத்துக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிற குடும்பங்கள் இருக்கின்றன. வீடு வீடாகப் போகும் தன்னார்வலரின் பையில் இந்த இரண்டு மாத்திரைகளுக்கும் இடம் கொடுத்தால் அரசுக்குப் பெரிய சுமை ஆகாது, ஏனென்றால் நோயாளிகள் மிகக் குறைவு.

பிரிட்டனில் 2020-ல் ஸ்டீராய்டு சார்ந்து வாழும் நோயாளிகளுக்கு அவசர அட்டை ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினார்கள். தமிழில் அப்படி ஓர் அட்டையை எந்த மருத்துவமனையும் ஒரே நாளில் அச்சடித்துவிடலாம். சட்டைப் பையிலோ பர்ஸிலோ அடங்கும் அளவில் ஒரு பக்கம் போதும்: இவருக்கு அட்ரினல் சுரப்பி வேலை செய்யவில்லை, ஸ்டீராய்டை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, மயக்கம், வாந்தி, விபத்து, அறுவை, பிரசவம் எதுவானாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு, சலைன் ஏற்றி, சர்க்கரையைச் சோதிக்கவும். தைராக்ஸினும் இன்சுலினும் எடுத்துக்கொள்கிறார். கீழே மருத்துவரின் பெயரும், இரவிலும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணும்.